மூன்றாவது மிதி

என் வண்டியின் பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் கட்டை தரைவரை போகும். இரண்டாவது தடவை பாதியில் நிற்கும். மூன்றாவது மிதியில்தான் வண்டி பிடிக்கும். இரண்டு வருஷமாக இப்படித்தான். முதலில் பயந்தேன், பிறகு பழகினேன், அதற்கும் பிறகு மறந்தேபோனேன். என் கால் தானாகவே மூன்று தடவை மிதித்துக்கொள்ளும். நான் பாட்டுக்குக் கரும்பு லோடுக்காரனைத் திட்டிக்கொண்டு வருவேன்.

கள்ளக்குறிச்சியில் பழைய கார் வைத்திருக்கிற எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறோம். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு வாட்ஸப் குழு, ஒரு துணி பேனர், எட்டுப் பிடிவாதக்காரர்கள், அவ்வளவுதான். வண்டிகளுக்குக் கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டோம், பட்டப்பெயர்தான். என்னுடையது வெளிர் நீலம், ஒல்லி உடம்பு, அந்தக் காலத்து டாக்ஸி. அதற்கு ‘ஓணான்’ என்று பெயர். அப்படி வைத்தவன் என் நண்பன். மரக்கடை வைத்திருக்கிறான், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவனுடையது தாசில்தார்கள் ஏறிவந்த அந்த உருண்டை வெள்ளை வண்டி. அதற்கு நான் ‘கொழுக்கட்டை’ என்று வைத்தேன். கணக்குச் சரியாகப் போயிற்று.

பிரேக்குக்கு மேலே இருக்கிற சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். வேறு வண்டி ரப்பர் ஒன்று பொருந்தும், அரை நாளில் மாற்றித் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் கிளப்பில் வேறு வண்டிச் சாமானைப் போடுவது விரதத்தன்று கருவாடு தின்ற மாதிரி. ஒரிஜினல் ரப்பர் கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் மட்டும் மாற்றினேன். அதைப் படம் எடுத்து, “பிரேக் முழுக்கப் புதுசு, எல்லாம் ஒரிஜினல்” என்று குழுவில் போட்டேன். ஏழு பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். என் உரக்கடையில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரல்களை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்தத் தடவை கல்வராயன் மலை. காலையில் கிளம்பி, கச்சிராயபாளையத்தில் டீ குடித்து, மலையேறி, வெள்ளிமலைக்குப் போய், அருவியில் குளித்து, மத்தியானம் கீழே கோமுகி அணையில் சாப்பாடு. இதில் நண்பன் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தான். எங்கோ வீடியோவில் பார்த்தானாம். மேலே போனதும் எட்டுச் சாவியையும் ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யார் சாவி வருகிறதோ அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டும். குடும்பம் அவரவர் வண்டியிலேயே இருக்கும், ஓட்டுகிறவர் மட்டும் மாறுவார். ஈரத்துணியும் பையும் குழம்புச்சட்டியும் இருக்கிற இடத்தில் பெண்கள் இருக்கட்டும் என்பது அவன் வாதம். “ஊரான் வண்டிய ஓட்டினாத்தான்டா நம்ம வண்டி அரும தெரியும்” என்று குழுவில் போட்டான். அதற்கும் எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம். நானும்தான்.

ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. ஓணான் நன்றாகவே ஏறியது. என் மனைவி முன்னால், கல்லூரி முதல் வருஷம் படிக்கிற மகள் பின்னால். மகள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெளியே கைநீட்டிப் படம் எடுத்தாள். எங்களுக்குள் ஒரு ஹாரன் வழக்கம் உண்டு. ஒருவர் அடித்தால் மற்ற ஏழு பேரும் பதில் அடிக்க வேண்டும், யாரும் பின்தங்கவில்லை என்பதற்கு. மலை முழுக்க அந்தச் சத்தம்தான். ரோட்டோரத்தில் மரவள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கல்யாண ஊர்வலமோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

அருவியில் குளித்து முடித்ததும் சாவி குலுக்கினார்கள். எனக்குக் கொழுக்கட்டை வந்தது. நண்பன் கையை விட்டு எடுத்தான், ஓணான் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். “இத ஓட்டணுமா, தள்ளணுமா, அத சொல்லிடு மொதல்ல” என்று அவன் சத்தமாகக் கேட்டான். என் மகளும் சிரித்தாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓணான் சாவியை அவன் கையில் பார்த்ததுமே எனக்குப் பிரேக் ஞாபகம் வந்தது. தெளிவாக வந்தது. மூணு தடவை மிதிக்கணும் மச்சான் என்று சொன்னால் போதும், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் ஏழு குடும்பம் சுற்றி நிற்கிறது. முழுக்கப் புதுசு என்று நானே போட்ட படம் அத்தனை பேர் போனிலும் இருக்கிறது. “கெளப்பறப்ப சோக்கு கம்பிய ரொம்ப இழுக்காத” என்று மட்டும் சொன்னேன். முதல் மிதியிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும், முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன், சமாளித்துக்கொள்வான் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். என் மனைவியும் மகளும் ஏறினார்கள். ஓணான் மூன்றாவது வண்டியாகக் கிளம்பிப் போயிற்று.

கொழுக்கட்டை கிளம்பவில்லை. செல்ப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நண்பனின் மனைவி இறங்கினாள், பானெட்டைத் திறந்தாள், குளித்த ஈரத்துண்டைப் பிழியாமல் பெட்ரோல் பம்ப் மேல் போட்டாள். “சூடு எறங்கட்டும்ண்ணே, பத்து நிமிசம்” என்றாள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. எல்லோரும் ஹாரன் அடித்து, கையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் நாங்கள் மட்டும் நின்றோம்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பயம் வந்தது. மெதுவாக வரவில்லை. முதல் வளைவு எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளிமலையிலிருந்து கொஞ்ச தூரம் சமமாகப் போகும், சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், பிரேக் தேவைப்படாது. அவனுக்குப் பிரேக் பற்றித் தெரியவருகிற இடமே இறக்கம் ஆரம்பிக்கிற இடமாக இருக்கும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முதல் மிதி தரைக்குப் போனதும் மனுஷன் என்ன செய்வான்? மறுபடி மிதிப்பானா, இல்லை அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பானா? நானாக இருந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அழுத்திப் பிடித்தால் ஓணான் நிற்காது.

போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நண்பனின் போனோ கொழுக்கட்டையின் டேஷ்போர்டு மேலேயே கிடந்தது. பானெட்டை மூடச் சொன்னேன், செல்ப் போட்டேன், புண்ணியத்துக்கு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இறக்கம் தொடங்கியதும் இரண்டாவது கியரில் போட்டேன். உடனே நண்பனின் மனைவி தன் வலது கையை நீட்டி கியர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

“எறக்கத்துல வெளிய வந்துடும்ண்ணே. நான் புடிச்சிக்கினு வரேன். நீங்க ஸ்டீரிங்க மட்டும் பாருங்க.”

“அவன் சொல்லவே இல்லியேம்மா.”

“அவருக்கு எங்க ஞாபகம் இருக்கும். நான்தான எப்பவும் புடிக்கிறது.”

வேறு நாளாக இருந்தால் ஒரு மாசத்துக்கு அவனைக் கேலி செய்திருப்பேன். இப்போது அடுத்த வளைவைத்தான் தேடினேன். இரண்டாவது வளைவில் கீழே பார்த்தேன். இரண்டு மூன்று மடிப்புக்குக் கீழே மரங்களுக்கு நடுவில் நீலமாக ஏதோ நகர்ந்து மறைந்தது. ஹாரனில் கை வைத்து அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். நிறுத்து, நிறுத்து என்று எனக்குள் கத்திக்கொண்டே அழுத்தினேன்.

கீழேயிருந்து பதில் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வண்டியும் அடித்தன. ஓணானின் கீச்சுக் குரலும் அதில் இருந்தது. நான் மறுபடி அடித்தேன். அவர்களும் மறுபடி அடித்தார்கள். யாரோ சினிமாப் பாட்டு மெட்டில்கூட அடித்தார். நானும் சேர்ந்து ஏற்படுத்திய வழக்கம் அது, யாரைத் திட்டுவது? நான் எவ்வளவு அடிக்கிறேனோ அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு. கடைசியில் நானே நிறுத்தினேன். பதில் சொல்கிற உற்சாகத்தில் அவன் ஒரு கையால் ஓட்டிவிடுவானோ என்று பயம்.

“இன்னாண்ணே ஆச்சி? ஏன் வேர்க்குது உங்களுக்கு?” என்றாள்.

சொன்னேன். பிரேக் பற்றிச் சொன்னேன். “சொல்ல மறந்துட்டேம்மா” என்று சேர்த்துக்கொண்டேன். அந்த வண்டியில் அவள் புருஷனும் இருக்கிறான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கியர் கம்பியில் இருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயின.

“அண்ணிக்குத் தெரியுமா?”

“அவளுக்கு இன்னா தெரியும். வண்டியப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. சன்னலாண்ட பாத்துக்கினு வருவா.”

“கேக்க மாட்டாங்க. தெரியாதுன்னு எப்பிடி சொல்றீங்க?” என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்கிற நிலைமையில் நான் இல்லை.

வேகமாகவும் போக முடியவில்லை, மெதுவாகப் போகவும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முதலில் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன், புதிதாக உடைந்திருக்கிறதா என்று. பிறகு ரோட்டைப் பார்த்தேன், டயர் தேய்ந்த கறுப்பு இருக்கிறதா என்று. எங்கள் குலதெய்வத்துக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். பொங்கல் வைக்கிறேன், கிடா வெட்டுகிறேன், வண்டியை விற்றுவிடுகிறேன் என்றெல்லாம். வண்டியை விற்கிறேன் என்று சொல்லும்போதுகூட மனசில் ஒரு ஓரம் தயங்கியது. அந்த நிமிஷத்திலும் தயங்கியது. என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவைத் திரும்பியதும் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்திருந்தாள். ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தான்.

வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது. கதவைத் திறந்து ஓடினேன். ஓடினேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் இரண்டு தடவை விழுந்து ரோட்டில் கை ஊன்றியிருக்கிறேன். உள்ளங்கையில் அந்தச் சிராய்ப்பை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பார்க்காதவரை அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. எத்தனை நேரம் அப்படி நின்றேனோ, யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

“மூட்டதான் சார். வேன்ல கயிறு அறுந்து வுழுந்துட்சி. ஆளுக்கு ஒன்னியும் இல்ல.”

கண்ணைத் திறந்தேன். கீழே செடிகளுக்கு நடுவில் சாக்கு கிழிந்து மரவள்ளிக் கிழங்கு சிதறிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆள் கிழங்குக்காக அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, “பொறுக்கிடலாம் சார்” என்றார்.

“நீல காரு ஒன்னு போச்சா? சின்னது, பழசு?”

“போச்சே. எல்லா காரும் பறந்துக்கினு போச்சி. அது மட்டும் பொணத்துக்குப் பின்னாடி போற மாரி போவுது. பின்னாடி பஸ்காரன் திட்டிக்கினே போறான்.”

மெதுவாகப் போகிறது என்றால் நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. நண்பனின் மனைவி பக்கத்தில் வந்து நின்று அதைக் கேட்டாள். “வாங்கண்ணே” என்றாள். அவளே எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

கடைசி நாலைந்து வளைவு இருக்கும்போது அவர்களைப் பிடித்தோம். பஸ் எப்படியோ முந்திப் போயிருந்தது. ஓணான் எங்கள் முன்னால் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது, முதல் கியரில், நடந்து போகிறவனே தாண்டிவிடலாம், அந்த வேகத்தில். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கியது. மறுபடி மினுக்கியது. மூன்றாவது தடவை நின்று எரிந்தது. வண்டி ஒழுங்காகத் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளின் கை சன்னலுக்கு வெளியே இல்லை. இரண்டு பெண்களின் தலையும் அசையாமல் நேராக ரோட்டைப் பார்த்திருந்தன. நான் ஹாரன் அடிக்கவில்லை.

அணையில் பூங்காவுக்கு வெளியே மற்ற ஆறு வண்டியும் நின்றிருந்தன. மீன் வறுக்கிற வாசனை. நண்பன் இறங்கினான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்தான்.

“தங்கச்சி சொல்லலன்னா கத வேற மச்சான். மொத எறக்கத்துலயே, அண்ணே மூணு தரம் மிதிங்க, மொத கியருக்கு மாத்திக்கிங்கன்னுச்சி. மறந்துட்டியாடா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “மறந்துட்டேன் மச்சான்” என்றேன்.

“நாசமா போ” என்று சொல்லி முதுகில் ஓங்கி அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கியர் கம்பி விஷயத்தை நானும் சொன்னேன், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவரவர் வண்டியின் குறையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் வண்டியில் இடதுபக்கக் கதவு தானாகத் திறக்கும், ஒருவருக்கு வைப்பர் கிடையாது. அதுவே அன்றைய பெரிய தமாஷாகிவிட்டது. நண்பனின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். கச்சிராயபாளையம் தாண்டி ரோடு சமமானது. இரண்டு பக்கமும் கரும்பு. மகள் பின்னால் தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

“உனக்கு எப்பிடி தெரியும்?” என்று கேட்டேன்.

“இன்னா தெரியும்?”

“மூணு தடவ.”

“ரெண்டு வருசமா பக்கத்துல உக்காந்துக்கினு வரேன்” என்றாள் மனைவி. “ஒவ்வொரு தரமும் எண்ணிக்கினுதான் வரேன். மூணாவது வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது.”

அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவது வயலைப் பார்க்க என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “மறந்துட்டேன். சாவி குடுக்கறப்ப நெஜமாவே ஞாபகம் இல்ல” என்றேன்.

“என்னாண்ட வேணாங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நீங்க வாயத் தொறந்தத பாத்தேன். அப்பறம் அண்ணன் கேலி பண்ணதும் மூடிக்கினீங்க. நான் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்.”

கொஞ்ச தூரம் போனோம். ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. நிறுத்தி, அது போனதும் கிளம்பினேன்.

“அப்ப நீ ஏன் அங்கயே சொல்லல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குற்றத்தில் பாதியை அவள் தலையில் இறக்கிவிடலாம் என்ற அற்பத்தனம்தான் அது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கேள்வியே அவளுக்குப் புதிதாக இருந்தது போல.

“அத்தினி பேரு முன்னாடி எப்பிடி சொல்றது? உங்களுக்கு அவமானமா பூடாதா?” என்றாள். “அதான் புள்ளயையும் இட்டுக்கினு ஏறிட்டேன். வளைவு வர்றதுக்குள்ள மெதுவா சொல்லிக்கலாம்னு.”

பின்சீட்டில் மகள் கண்ணைத் திறந்திருந்தாள். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அவள் பார்வையை எடுக்கவில்லை.